லேசா ஏதாவது குடுங்க

எலும்பு டாக்டர் அவள் புருஷன் மாஸ்டரை மட்டும் வெளியே போய் உட்காரச் சொன்னபோதே விஷயம் சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. நல்ல சேதி சொல்வதற்கு யாரும் புருஷனை வெளியே அனுப்ப மாட்டார்கள்.

டாக்டருக்குச் சின்ன வயசுதான். எக்ஸ்ரேவை விளக்குப் பெட்டியில் மாட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷத்துல இது மூணாவது எலும்பும்மா. மொதல்ல கால் விரல். அப்புறம் கழுத்தெலும்பு. இப்ப முன்கை. நான் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் குழந்தைய அடிப்பாரா?"

அடிக்க மாட்டார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அன்று காலையில் அடுப்பு முன்னால் நடந்ததை அவள் பார்க்கவில்லை. முன்கடையில் யாருக்கோ பன் எடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் மட்டும்தான் கேட்டது. முதலில் மாஸ்டர் "ஏய்!" என்று கத்தினார். அப்புறம் பெண் அலறினாள். ஓடிப் போய்ப் பார்த்தால் மாஸ்டர் பெண்ணுடைய கையைப் பிடித்தபடி நிற்கிறார், அந்தக் கை மணிக்கட்டுக்கு மேலே மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருக்கிறது.

மாஸ்டருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது தெருவுக்கே தெரியும். ரொட்டி அச்சைத் தூக்கிச் சுவரில் அடித்து, பூச்சு பெயர்ந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கல்யாணமான புதிதில் இரண்டு தடவை அவள் மேலேயும் கை வைத்திருக்கிறார். அவர் மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

"தெரியல டாக்டர்" என்றாள்.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். ஒரு வரியைத் தாண்டி மூன்று நான்கு வரி எழுதினார். அவளுக்கு அந்த நிமிஷமே சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ரொட்டிக்கடை அவர்களுடையது. கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பறை, மேலே வீடு. மாடிப்படி அடுப்பறைக்குள்ளிருந்துதான் ஏறும். மாஸ்டர் மாவு கொட்டிப் பிசைகிற நேரத்தில் அந்த அறையில் புகை மூட்டமாக மாவு பறக்கும். அது படியேறி மேலே வந்து அலமாரி, தலையணை, தண்ணீர்ப் பானை மூடி என்று பார்க்காமல் உட்காரும். காலையில் துடைத்தால் மத்தியானம் மறுபடியும் விரலால் கோடு போடலாம். பதினைந்து வருஷமாகத் துடைத்துத் துடைத்து அதை அவள் அழுக்கு என்று நினைப்பதையே விட்டுவிட்டாள்.

மாஸ்டர் கை இருக்கிறதே, அது கை இல்லை, துடுப்பு. இரண்டு ஆள் பிசைகிற மாவை ஒரே ஆளாகப் பிசைந்து, தொட்டியிலிருந்து அள்ளி மேஜையில் போட்டு, தகட்டுக் கத்தியால் வெட்டுவார். ஒவ்வொரு துண்டையும் எடை பார்க்கவே வேண்டாம். உருட்டி அச்சில் போட்டு, ஈரத்துணி மூடி உப்ப விட்டு, நீளக் கட்டைக் கரண்டியால் அடுப்புக்குள் தள்ளுகிறவரைக்கும் யாரும் குறுக்கே வரக் கூடாது. வந்தால் திட்டுதான்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த பெண்ணோ பதிமூன்று வயசில் ஒன்பது வயசுக்காரி மாதிரி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் வரிசையில் எப்போதும் முதல் ஆள். வீட்டில் பொடிசு, தெருவிலும் பொடிசு. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கும். ஐந்து வயசிலிருந்து வயிற்றுத் தொல்லை. சாப்பிட்டால் உப்புசம், உப்புசம் அடங்கினால் பேதி, பேதி நின்றால் வாயில் புண். வயிற்று டாக்டரிடம் எட்டு வருஷமாகக் காட்டுகிறார்கள். பூச்சி மாத்திரை, டானிக், மறுபடி பூச்சி மாத்திரை. எழுந்து வரும்போதெல்லாம் அந்தப் பெரிய டாக்டர் ஒன்று சொல்வார். "வயித்துக்குக் கஷ்டம் குடுக்காதீங்க. லேசா ஏதாவது குடுங்க. ரொட்டி, ரஸ்க், அந்த மாதிரி."

ரொட்டிக்கடைக்காரன் வீட்டில் இதைச் சொன்னால் கேட்க வேண்டுமா? மாஸ்டர் சனிக்கிழமைதோறும் பெண்ணுக்கென்றே ஒரு தட்டு ரஸ்க் சுடுவார். வெண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது. இருக்கிறதிலேயே நல்ல மாவு. ரொட்டியை மெல்லிசாக அறுத்து, அடுப்பு ஆறிவருகிற சூட்டில் இரண்டாந்தரம் வைத்து, தட்டினால் டக்கென்று ஓசை வரும்படி எடுப்பார். கடைக்கு வருகிறவர்கள் கேட்டாலும் கொடுக்க மாட்டார். "அது பொடிசு ரஸ்க். விக்கறதுக்கு இல்ல" என்பார். அவள் அதைப் பாலில் ஊறவைத்துப் பெண்ணுக்கு மூன்று வேளையும் ஊட்டுவாள். பேதி அதிகமானால் இன்னும் இரண்டு சேர்த்து ஊட்டுவாள்.

கை உடைந்த மூன்றாம் நாள் குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பருத்திப் புடவை, தோளில் பை, கையில் ஃபைல். அடுப்பறைச் சுவரில் பூச்சு பெயர்ந்த இடத்தைப் பார்த்து, "இது எப்படி?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பொடிசைத் தனியாக மாடியில் வைத்துப் பேசினார். 'கண்ண மூடிக்கிட்டேன், அப்புறம் கை வலிச்சுது' என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. கீழே இறங்கி வந்து மாஸ்டரிடம் சொன்னார்.

"ஆஸ்பத்திரி அறிக்கை முழுசா வர்ற வரைக்கும் நீங்க குழந்தையோட தனியா இருக்கக் கூடாது. ஒரே வீட்டுல படுக்கவும் வேண்டாம். அறிக்கையப் பாத்துட்டுத்தான் குழந்தைய இங்கேயே விடறதா, வேற எடத்துல வெக்கறதான்னு முடிவு பண்ணுவோம்."

"வேற எடம்னா?"

"எங்க விடுதியில."

மாஸ்டர் ஏதாவது கத்தியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மாவு மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் போய், இரண்டு மூட்டையை நகர்த்திப் பாய் விரிக்க இடம் பண்ணினார்.

தெருவுக்குச் சொல்லியா தர வேண்டும்? எதிர்வீட்டுத் தையற்கார அக்கா மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். "கையப் புடிச்சு முறுக்கிட்டாராமே? பச்சப்புள்ளைய!" என்று ரொட்டி வாங்க வந்தவளிடம் சொல்ல, அவள் ரொட்டி வாங்காமலே திரும்பிப் போனாள். இத்தனை நாளாக மாஸ்டர் மாஸ்டர் என்று குழைந்தவர்களெல்லாம் கடையைத் தாண்டும்போது செருப்பைப் பார்த்து நடந்தார்கள்.

அடுப்பறையில் ரொட்டிக்கு உறை போடுகிற அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் மட்டும்தான் நடந்ததைக் கண்ணால் பார்த்தவள். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, உறைகளை அப்படியே போட்டுவிட்டு இவள் முன்னால் வந்து நின்றாள்.

"நான் சொன்னா நம்புவியா மாட்டியா? அடுப்பு வாய் தெறந்திருக்கு. புள்ள கால் தடுக்கி அதும் மேல சாயறா. மாஸ்டர் எட்டிக் கையப் புடிச்சாரு. புடிச்சாரு, அவ்ளோதான். முறுக்கல, இழுக்கல. பட்டுனு ஒரு சத்தம். கத்திரிக்காக் காம்பு கிள்ளினா வருமே, அந்த மாதிரி. புடிக்காம விட்டிருந்தா மொகம் வெந்திருக்கும்."

"இத ஏன் அந்தம்மா வந்தப்போ சொல்லல?"

"சொன்னேனே. 'நீங்க இங்க வேல பாக்கறவங்க தானே'ன்னு கேட்டுட்டு எழுதாமப் போயிட்டாங்க."

அவள் நேரே மாவு மேஜைக்குப் போனாள். மாஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு மாவு வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதை நீங்களே என்கிட்டச் சொல்லியிருக்கலாம் இல்ல? புள்ள விழப்போனா, புடிச்சேன்னு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா?"

"சொன்னா நான் டாக்டர்கிட்ட சொல்லியிருப்பேன்ல?"

கத்தி நின்றது. அவர் திரும்பாமலே சொன்னார்.

"டாக்டர் ரூம் கதவு சரியா சாத்தலடி. நான் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். 'தெரியல டாக்டர்'. பதினஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணினவ சொல்றா, தெரியலன்னு. அப்புறம் நான் என்னத்தச் சொல்ல?"

அவளுக்குக் காது இரண்டும் பற்றிக்கொண்டது. வெட்கமா கோபமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. "ஆமா, சொன்னேன்! ரெண்டு தடவ என்னை அடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அச்சத் தூக்கிச் சுவத்துல அடிக்கற ஆளப் பத்தி வேற என்ன சொல்லச் சொல்றீங்க? என் வாயில தெரியலன்னு வர வெச்சது யாரு?"

மாஸ்டர் மாவுத் துண்டை எடுத்து உருட்டினார், வைத்தார், மறுபடி அதையே எடுத்து உருட்டினார். "நான் புடிச்சதுக்கே ஒடையுதுன்னா, அது என்ன எலும்புடி?" என்று கேட்டார். அதை அவர் மேஜையிடம் கேட்டதுபோலத்தான் இருந்தது.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மூன்றாம் வாரம் கட்டைப் பார்ப்பதற்குப் பொடிசை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோதும் அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மூன்று வாரமாகப் பெண்ணுக்கு உடம்பு தேற வேண்டும் என்று பாலும் ரஸ்க்கும் இரண்டு மடங்காக ஊட்டியிருந்தாள். பெண் இன்னும் வெளுத்திருந்தாள்.

கட்டுப் போடுகிற அறையில் ஒரு வாட்டசாட்டமான அம்மாள். கையெல்லாம் சுண்ணாம்பு. பொடிசு வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை கழிவறைக்கு ஓடிவிட்டாள். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது கட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"என்னம்மா இது? காலைலேர்ந்து என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணும் இல்ல, ரஸ்க்தான். அவளுக்கு எப்பவுமே இப்படித்தான். சின்ன வயசுலேர்ந்து."

"சின்ன வயசுலேர்ந்தா? எலும்பு டாக்டருக்குத் தெரியுமா?"

"அவரு எலும்பு டாக்டர்தானே? அவர்கிட்டப் போய் வெளிக்குப் போறதையா சொல்லுவாங்க?"

"அய்யோ, சொல்லணும்மா!" கட்டுக்காரம்மா பொடிசின் வயிற்றில் விரலால் தட்டிப் பார்த்தாள். "வயிறு பானையாட்டம் இருக்கு, கை ஒட்டடக்குச்சியாட்டம் இருக்கு. இருவது வருஷமாக் கட்டுப் போடறேன். அடி வாங்கின புள்ளைங்களையும் பாத்திருக்கேன். அதுங்க அப்பன் பேர எடுத்தாலே ஒடுங்கும். இவ என்னடான்னா வந்ததுலேர்ந்து அப்பா எப்ப மாடிக்கு வருவாரு, அப்பா எப்ப மாடிக்கு வருவாருன்னு என் உசுர வாங்கறா. வயித்துக்குக் காட்டினதுக்குச் சீட்டு இருக்கா?"

"ஃபைலே இருக்கு. மூணாவது மாடியில."

"போய் எடுத்துட்டு வா. போ!"

மூன்றாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எந்த டிபார்ட்மென்ட்டுக்கு?"

"எலும்புக்கு."

"இது வயித்து ஃபைலும்மா. எலும்புக்கெல்லாம் குடுக்க முடியாது. எலும்புலேர்ந்து லெட்டர் வாங்கிட்டு வாங்க. டாக்டர் கையெழுத்தோட."

"ஒரே புள்ளங்க. வயிறும் அவளோடதுதான், கையும் அவளோடதுதான்."

"ரூல்ஸ்மா. நாளைக்கு வாங்க."

நாளைக்கு! மூன்று வாரம் புருஷன் மாவு மூட்டையோடு படுத்துக் கிடக்கிறான். விடுதியில் பெண்ணுக்குக் கட்டில் ஒதுக்கியாகிவிட்டதோ என்னவோ. அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ.

"எட்டு வருஷமாச்சுய்யா! எட்டு வருஷமா இந்த ஜன்னல்ல நிக்கறேன்! எலும்பு கீழ இருக்கு, வயிறு மேல இருக்கு, நடுவுல ரெண்டு மாடி ஏறி எறங்க ஒங்க யாருக்குமே காலு இல்லையா? எம்புள்ளைய விடுதியில தூக்கி வெக்கப் போறாங்க, நீ லெட்டர் கேக்கறியா, லெட்டர்? எடுய்யா ஃபைல!"

வரிசை மொத்தமும் திரும்பியது. அவர் பயந்து போய் ஃபைலை மேஜையில் வைத்தார், அப்புறம் யோசித்து அதன்மேல் கையை வைத்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் யாரோ "வாட்ச்மேன்!" என்று கத்தினார்கள். வாட்ச்மேன் ஓடிவருவதற்குள் ஃபைல் எலும்பு டாக்டர் மேஜையில் விழுந்துவிட்டது.

"அடிப்பாரான்னு கேட்டீங்களே, இதப் படிச்சுட்டுக் கேளுங்க" என்றாள். மூச்சு வாங்கியது.

டாக்டர் வாட்ச்மேனை வெளியே போகச் சொல்லிவிட்டுப் படித்தார். முதலில் வேகமாகப் புரட்டினார். அப்புறம் மெதுவாக. இரத்தம் குறைவு. எடை கூடவில்லை. பேதி. வாய்ப்புண். மறுபடி பேதி. எழுந்து போய்ப் பழைய எக்ஸ்ரே மூன்றையும் விளக்குப் பெட்டியில் வரிசையாக மாட்டி, மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"எலும்பு மெலிஞ்சிருக்கு" என்றார், தனக்குத்தானே. "நான் ஒடைஞ்ச எடத்த மட்டும்தான் பாத்திருக்கேன்." பிறகு அவளைப் பார்த்தார். "எங்கேயாவது போனப்போ இவ வயிறு நல்லா இருந்திருக்கா? எப்பவாவது?"

அவள் யோசித்தாள். "போன வருஷம் லீவுக்கு எந்தங்கச்சி வீட்டுல ஒரு மாசம் இருந்தா. அங்க நல்லா இருந்தா. கன்னம்கூட வெச்சிருந்துது. தண்ணி ஒத்துக்குதுன்னு நெனைச்சோம்."

"அங்க என்ன சாப்பாடு?"

"அவங்க மூணு வேளையும் சோறுதான். ரொட்டிய வாசல்லயே சேக்க மாட்டாங்க. மாஸ்டர் கேலி பண்ணுவாரு."

டாக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அடுத்த வாரம் பெண்ணை மயக்கி, வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலுக்குள்ளும் பார்த்தார்கள். அதுவரைக்கும் எப்போதும் சாப்பிடுவதையே கொடுக்கச் சொன்னார்கள், நிறுத்தினால் பரிசோதனையில் சரியாகத் தெரியாதாம். அவளும் கொடுத்தாள்.

முடிவு சொல்கிற அன்று இரண்டு டாக்டரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அவள் பார்த்த முதல் அதிசயம் அது. வயிற்றுக்காரப் பெரிய டாக்டர் பேச்சை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்த, எலும்பு டாக்டர்தான் சொல்லி முடித்தார்.

"இதுக்குப் பேரு சீலியாக். கோதுமையில ஒரு பசை இருக்கு. ரொட்டி மாவு இழுத்தா நீளுதே, அந்தப் பசைதான். அது இவ ஒடம்புக்கு ஆகாது. உள்ள போனா இவ ஒடம்பே இவ குடல அரிச்சுடுது. நம்ம குடலோட உள்பக்கம் தலை தொவட்டற பூத்துண்டு மாதிரி பிசிறு பிசிறா இருக்கும்மா. அதுதான் சத்த உறிஞ்சும். இவளுக்கு அது தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. சுண்ணாம்புச் சத்து உள்ளயே போகல. ஒடம்புக்கு அது வேணுமே? வெளியேர்ந்து வரலன்னா எலும்புலேர்ந்து எடுத்துக்கும். அப்படி எடுத்து எடுத்துத்தான் எலும்பு உளுத்துப் போயிருக்கு. உங்க வீட்டுக்காரர் புடிச்சிருக்கார், அவ்வளவுதான். அந்தக் கைய யாரு புடிச்சிருந்தாலும் ஒடைஞ்சிருக்கும்."

"பால் குடுத்தேனே" என்றாள். "முட்டை குடுத்தேன். சுண்ணாம்பு மாத்திரை, டானிக், எல்லாம் குடுத்தேனே டாக்டர்."

"அதெல்லாம் ஒட்டலம்மா. கோதுமைய மொத்தமா நிறுத்தினா குடல் திரும்ப வளந்துடும். சின்னப் பொண்ணுதான், எலும்பும் தேறும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகலாம். ஆனா ஒரு துணுக்குகூடப் போகக் கூடாது. பார்லியும் ஆகாது. நீங்க அந்த வீட்டுல இருக்கறதே கஷ்டம். மாவு தோல்ல பட்டா ஒண்ணும் இல்ல, பறக்கற மாவு வாய்க்குள்ள போகுதே, அதுதான் விஷம்."

அவள் பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் ரஸ்க் குடுக்கச் சொன்னீங்க."

"லேசா ஏதாவதுன்னுதான் நான்... இது சில சமயம் தவறிப் போயிடும்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியாது."

"தவறினது ஒங்களுக்கு. ஒடைஞ்சது எம்பொண்ணுக்கு. எட்டு வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, வீட்டுல என்ன தொழில்னு கேட்டீங்களா? ரொட்டிக்கடைன்னு சொல்லியிருப்பேன். கேக்க ஒரு நிமிஷம் ஆகுமா? புள்ள வளரலன்னு அழுதேன், பூச்சின்னீங்க. வயிறு வலிக்குதுன்னேன், பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கறாள்னீங்க. நான் அதக் கேட்டு அவளத் திட்டினேன். நடிக்காதடின்னு திட்டினேன்!" எலும்பு டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கு மட்டும் புருஷன் அடிப்பானான்னு கேக்கத் தெரிஞ்சுது."

"கேக்க வேண்டியது என் வேலைம்மா" என்றார் அவர். "அத மட்டும் கேட்டது தப்பு. மன்னிச்சிடுங்க. நலத்துறைக்கு இன்னைக்கே எழுதி அனுப்பிட்டேன். ஃபோன்லயும் சொல்லிட்டேன். உங்க பொண்ணு எங்கேயும் போக வேண்டாம்."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. இந்த மனுஷர்கள் முன்னால் அழுவதாவது என்று எழுந்துவிட்டாள்.

வழியில் பொடிசு கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தாள். "அப்ப ரஸ்க் கிடையாதாம்மா?"

"கிடையாது."

"அப்பா எனக்குன்னு பண்றது?"

"அதுதான் மொதல்ல கிடையாது."

பொடிசு கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். "நான் அப்பாகிட்டச் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிக்கோ."

அடுப்பறை வழியாகப் பெண்ணைக் கூட்டிப்போக இனிமேல் முடியாது. பின்பக்கம் பாத்திரம் ஏற்றுவதற்கு வைத்திருந்த இரும்பு ஏணிப்படி ஒன்று உண்டு. அதில் மெல்ல ஏற்றி, மாடி நடையில் உட்காரவைத்துவிட்டு, அவள் மட்டும் இறங்கி வந்து அடுப்பறைக்குள் போனாள். சனிக்கிழமை. மேஜையில் பொடிசு ரஸ்க் ஒரு தட்டு ஆறிக்கொண்டிருந்தது.

"உங்க மேல தப்பு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பொண்ணு நம்மகிட்டயேதான்."

மாஸ்டர் அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். உறை போடுகிற அக்கா தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று நான்கு தடவை சொன்னாள்.

"அப்ப அவளுக்கு என்னவாம்?" என்றார் மாஸ்டர்.

அவள் சொன்னாள். பூத்துண்டு, பசை, எலும்பு எல்லாவற்றையும் டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். கோதுமை என்ற இடத்தில் அவர் சிரித்துவிட்டார்.

"போடி. ஊரே திங்குது. ரெண்டு தலைமுறையா இந்த அடுப்பு ரொட்டியத் தின்னு வளந்த ஊரு. ஒருத்தனுக்கு ஒண்ணும் ஆகல."

"ஊருக்கு ஆகல. உங்க பொண்ணுக்கு ஆச்சு. சிரிக்காதீங்க, எனக்குப் பொறுமை இல்ல. போன வருஷம் ஒரு மாசம் சோறு தின்னுட்டு வந்தாளே, கன்னம் வெச்சிருந்தாளே, மறந்துடுச்சா? வந்த வாரமே அத்தனையும் வத்திப் போச்சே?"

அவருடைய சிரிப்பு நின்றது. எழுந்து ரஸ்க் தட்டுக்குப் போனார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் வெண்ணெய்கூடப் போடலடி" என்றார். "புள்ளைக்குன்னு சுத்தமாப் பண்ணேன்."

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மாடிக்கு ஏறிவிட்டாள். ஏறினவள் சமையற்கட்டில் நுழைந்து முதலில் ரஸ்க் டின்னை எடுத்து ஜன்னல் வழியாகப் பின்கட்டுக்கு விட்டெறிந்தாள். அப்புறம் மாவு டப்பா. ரவை டப்பா. ரொட்டி அறுக்கிற பலகை. பிஸ்கட் போட்டுவைத்த பானை. பொடிசுக்கு ஊட்டுகிற கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். எட்டு வருஷமாக அதே கிண்ணம், அதே கரண்டி. "சாப்பிடுடி, சாப்பிட்டாத்தான் தேறுவே" என்று வாயைப் பிடித்துத் திறந்து ஊட்டியிருக்கிறாள். யாரைத் திட்டுவது? டாக்டரைத் திட்டியாகிவிட்டது, ஜன்னல்காரனைத் திட்டியாகிவிட்டது. மிச்சம் இருந்த கோபத்தோடு கிண்ணத்தை வீசினாள். அது குழாயடித் தொட்டியில் பட்டுத் தெறித்தது.

சத்தம் கேட்டுத் தையற்கார அக்கா சந்து வழியாகவே பின்கட்டுக்கு வந்துவிட்டாள். கூடவே இன்னும் இரண்டு பேர்.

"என்னாச்சு? மறுபடியும் மாஸ்டரா?"

"ஆமா, வா! நல்லா வந்து பாரு!" அவள் ஜன்னலிலிருந்து கத்தினாள். "எம்புள்ள எலும்ப ஒடைச்சது கீழ கெடக்கு பாரு! அந்த டப்பாவப் புடிச்சுப் போய் போலீஸ்ல குடு! அந்த மனுஷன் கையப் புடிக்கலன்னா புள்ள மூஞ்சி அடுப்புல வெந்திருக்கும். ஒரு மாசமா அவரத் தெருவுல தலை நிமுர விட்டியா நீ? தச்சுக்கிட்டு இருக்கற துணியோட ஒன் வாயையும் சேத்துத் தையி, போ!"

தையற்கார அக்கா போகவில்லை. கீழே கிடந்த டப்பாக்களையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து அடுப்பறைக் கதவு திறந்தது. மாஸ்டர் வெளியே வந்தார். தலை, புருவம், கை எல்லாம் மாவு. அடுப்பை அணைத்துவிட்டார் போலிருக்கிறது, மத்தியான நேரத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவர் யாரையும் பார்க்கவில்லை. இரும்புப் படியில் கால் வைத்தார். மேலே பொடிசு எழுந்து நின்றாள்.

"அப்பா!"

அவர் இரண்டு இரண்டு படியாக ஏறினார். பெண் கையை நீட்டிக்கொண்டு இறங்கப் போனாள்.

"நில்லுங்க அங்கேயே!" அவள் அலறிக்கொண்டு வந்து நடுவில் நின்றாள். "தொடாதீங்க அவள! மேலெல்லாம் மாவு!"

அவர் பாதிப் படியில் நின்றுவிட்டார். தன் கைகளைப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இறங்கி, குழாயடிக்குப் போய், போட்டிருந்த துணியோடு அடியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்றுகூட அவருக்கு இல்லை. தலையிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் ஓடியது. புருவத்தைத் தேய்த்தார். நகத்துக்குள் கல்லால் சுரண்டினார். பதினைந்து வருஷமாகச் சாயங்காலம் ஒரு தடவை மேலாக அலம்பிக்கொள்கிற மனுஷன்.

சொட்டச் சொட்ட வந்து படியடியில் நின்றார். "இப்ப?"

"காதுல இருக்கு."

திரும்பப் போனார். சோப்பைக் கரைத்துக் காதுக்குள், கழுத்துக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் தேய்த்தார். வாயில் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தார். உறை போடுகிற அக்கா அங்கேயும் இங்கேயும் தேடி, கொடியில் காய்ந்த ஒரு வேட்டியை உதறோ உதறென்று உதறிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இப்ப?"

அவள் இறங்கி வந்து அவர் கையை எடுத்து விரல் விரலாகப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். சோப்பு வாசனைதான் இருந்தது. தோல் சிவந்து போயிருந்தது. ஏறலாம் என்பதுபோல் ஒதுங்கி நின்றாள்.

பொடிசு காத்திருக்கவில்லை. அவர் மேல்படிக்கு வந்ததுமே ஒற்றைக் கையால் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டுப் போட்ட கை இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மாஸ்டர் அசையவில்லை. அவருடைய இரண்டு கையும் பெண்ணைத் தொடாமல் காற்றில் விரிந்து நின்றன.

"புடிச்சுக்கோங்கப்பா, நான் விழுந்துடுவேன்" என்றாள் பொடிசு.

அவர் பெண்ணின் தலைக்கு மேலாக அவளைப் பார்த்தார். யாரிடமும் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுச் செய்து பழகாத ஆள்.

"புடிக்கட்டுமா?" என்று கேட்டார்.

எலும்பு இன்னும் பழைய எலும்புதான். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். கீழே மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது தெரிந்தது.

"புடிங்க" என்றாள்.